வீட்டு வேலைக்குப் பேட்டரி ட்ரில்: 12 வோல்ட் போதுமா, 18 வேணுமா?

ஜன்னலோரம்

வணக்கம். முதல்முறையா ஒரு பேட்டரி ட்ரில் வாங்கப் போறேன். கையில் இருக்கும் வேலைகளைச் சொல்லிடறேன்: நாலு ஜன்னலுக்குத் திரைச்சீலைக் கம்பி, சமையலறையில் ரெண்டு பிளைவுட் அலமாரி, தொங்கிப்போன கதவுகளின் கீல் மாற்றுவது, டைல்ஸ் ஒட்டின சுவரில் ஒரு கண்ணாடி, 3 மி.மீ. கனமுள்ள இரும்பு ஆங்கிளில் ஆறேழு துளை. அதுக்கப்புறம் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு சின்ன வேலை வரும், அவ்வளவுதான்.

12 வோல்ட், 18 வோல்ட், 20 வோல்ட், 48 என்றெல்லாம் பெட்டி மேல போட்டிருக்கு. டார்க் (திருகு விசை) 30, 50, 60 என்று இன்னொரு எண். "ஹேமர்" உள்ளது, இல்லாதது. பிரஷ்லெஸ் வேற. எதைப் பார்த்து முடிவு பண்றது?

தூக்குக்குண்டு

வோல்டேஜை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் சுவர் என்ன சுவர் என்று தெரிய வேண்டும். நீங்கள் எழுதிய பட்டியலில் மரம், பிளைவுட், 3 மி.மீ. இரும்பு எல்லாம் எந்த நல்ல ட்ரில்லுக்கும் எளிது. சிக்கல் முதல் வரியிலேயே இருக்கிறது: திரைச்சீலைக் கம்பி. கம்பியின் பிராக்கெட் ஜன்னலுக்குச் சற்று மேலே வரும். கட்டிய சுவராக இருந்தால் அந்த இடத்தில்தான் கான்கிரீட் லிண்டல், அதாவது ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் விட்டம், ஓடுகிறது. வீட்டிலேயே கடினமான இடத்தில் முதல் துளையைப் போடப் போகிறீர்கள். "மெஷினில் பவர் இல்லை" என்று புதிதாக வாங்கியவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சுவரைத் தெரிந்துகொள்ள, பிட்டில் (ட்ரில்லில் மாட்டும் துளையூசி) இருந்து விழும் தூளைப் பாருங்கள். முதல் 12 முதல் 15 மி.மீ. வரை பூச்சு, வெளிர் சாம்பல் நிறத்தில் மணல் மாதிரி உதிரும். அதற்குப் பிறகு சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறமே தொடர்ந்து, மாவு மாதிரி நைசாக வந்து, பிட் நகர மறுத்தால் கான்கிரீட். வெள்ளையாக, எளிதாக, கை அழுத்தமே இல்லாமல் உள்ளே போனால் ஏஏசி பிளாக் (எடை குறைந்த, நுரை போன்ற சிமெண்ட் கல்). திடீரென்று பிட் "தொப்" என்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக் (உள்ளே வெற்றிடம் உள்ள சிமெண்ட் கல்).

இப்போது ஹேமர் விஷயம். பேட்டரி ட்ரில்லில் வரும் ஹேமர் மோடில் உள்ளே இருப்பது பற்கள் வெட்டிய இரண்டு உலோகத் தட்டுகள். ஒன்றின் மேல் ஒன்று உரசிச் சுற்றும்போது சக் (பிட்டைப் பிடிக்கும் வாய்) கடகடவென்று முன்னும் பின்னும் ஒரு மயிரிழை அளவுக்கு அதிரும். நிமிடத்துக்கு 20,000 தட்டுக்கு மேல் என்று பெட்டியில் இருக்கும். ஆனால் ஒவ்வொரு தட்டும் மிக மெல்லியது, அதுவும் நீங்கள் பின்னால் இருந்து அழுத்தினால்தான் வரும். செங்கல்லுக்கு இது தாராளம். 6 மி.மீ. துளை செங்கல்லில் 10, 15 விநாடியில் முடியும்.

கான்கிரீட்டுக்கு உரியது எஸ்டிஎஸ் பிளஸ் (பள்ளம் வெட்டிய வால் கொண்ட பிட் வகை) ரோட்டரி ஹேமர் என்ற தனி மெஷின். அதில் பிஸ்டன் ஒன்று காற்றை அழுத்தி, அந்தக் காற்று இன்னொரு எடையைத் தள்ளி, அது பிட்டின் வாலில் மோதும். நிமிடத்துக்கு 4,000, 5,000 தட்டுதான், ஆனால் ஒவ்வொன்றும் 1 முதல் 2 ஜூல் வரை. மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாலே போதும், தள்ள வேண்டாம்.

ஆகவே என் கருத்து: செங்கல் சுவர் என்றால் ஹேமர் மோட் உள்ள 18 வோல்ட் ட்ரில் ஒன்று போதும். நாலு பக்கமும் கான்கிரீட் சுவர் என்றால் எவ்வளவு விலை உயர்ந்த பேட்டரி ட்ரில் வாங்கினாலும் சுவரில் தோற்றுப் போவீர்கள். அப்போது ஹேமர் இல்லாத சிறிய ட்ரில் ஒன்றும், சுவருக்கு ஒரு ரோட்டரி ஹேமரும் என்று பிரித்துக்கொள்வதே சரி.

மின்கலம்

எண்களைப் பற்றி நான் சொல்றேன், இதில்தான் நிறைய பேர் ஏமாறாங்க.

லித்தியம் அயான் செல் ஒண்ணு சராசரியா 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. மூணு செல் தொடரா போட்டா 10.8 வோல்ட். அதையே முழு சார்ஜில் அளந்து "12 வோல்ட் மேக்ஸ்" என்பாங்க. அஞ்சு செல் போட்டா 18 வோல்ட். முழு சார்ஜில் 21, அதை "20 வோல்ட் மேக்ஸ்" என்று எழுதுவாங்க. ஆக 18-ம் 20-ம் ஒண்ணுதான். 48, 88 என்று பெட்டியில் போட்டு, பேட்டரி மட்டும் உள்ளங்கை அளவில் இருந்தா, உள்ளே எத்தனை செல் என்று கேளுங்க. அஞ்சு செல்தான் என்றால் அது 18 வோல்ட் மெஷின், வெளியே என்ன எழுதியிருந்தாலும் சரி.

பார்க்க வேண்டிய எண் வாட் அவர். வோல்டை ஆம்பியர் அவரால் பெருக்கினா கிடைக்கும். 10.8 × 2 = 21.6. 18 × 2 = 36. 18 × 4 = 72. இதுதான் உண்மையான கொள்ளளவு.

4 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு இன்னொரு பலனும் உண்டு. 2-ல் பெரும்பாலும் அஞ்சு செல் ஒரே வரிசை. 4-ல் பத்து செல், ரெண்டு ரெண்டா இணையா இருக்கும். பளு ஏறும்போது ஒவ்வொரு செல்லும் பாதி கரண்ட் கொடுத்தா போதும், அதனால வோல்டேஜ் சரியறது குறையும். அதே மெஷினில் 2-ஐக் கழற்றி 4-ஐ மாட்டினா பெரிய துளையில் வித்தியாசம் கையிலேயே தெரியும். பதிலுக்குக் கால் கிலோ எடை கூடும். அண்ணாந்து வேலை செய்யும்போது அந்தக் கால் கிலோ ரொம்பப் பெரிசு.

டார்க் எண்ணை நம்பி வாங்காதீங்க. ஒரு கணக்கு போடுவோம். 50 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருக்கு, முதல் கியரில் 500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 500 சுற்று) என்றும் எழுதியிருக்கு. ரெண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கணும்னா சுமார் 2,600 வாட் வேணும். 18 வோல்ட் பேட்டரியில் அது 145 ஆம்பியர். கைக்கு அடக்கமான எந்த பேட்டரியும் அதைத் தராது. அப்போ அந்த 50 எங்கே கிடைக்குது? சக் சுற்றி நிற்கப் போகும் அந்த ஒரு கணத்தில். அது உச்ச அளவு, வேலை செய்யும் அளவு இல்லை. "ஹார்ட் டார்க்", "சாஃப்ட் டார்க்" என்று ரெண்டும் கொடுத்திருந்தா சாஃப்டைப் பாருங்க. மரத்தில் ஸ்க்ரூ ஏத்தும்போது நடப்பதற்கு அதுதான் நெருக்கம். ஒப்பிடணும்னா ஒரே கம்பெனியின் ரெண்டு மாடலுக்குள்ள மட்டும் ஒப்பிடுங்க.

பிரஷ்லெஸ் நல்லது, கட்டாயம் இல்லை. கார்பன் பிரஷ் உரசல் இல்லாததால் வீணாகும் சூடு குறைவு, ஒரே சார்ஜில் கூடுதல் வேலை, மெஷின் நீளமும் குறையும். மாசத்துக்கு ஒருமுறை எடுக்கிறவருக்குப் பிரஷ் தேயறதுக்கே பல வருஷம் ஆகும். பணம் இழுபறியா இருந்தா பிரஷ்லெஸ்ஸை விட்டுட்டு ரெண்டாவது பேட்டரியை வாங்குங்க. ஒரே பேட்டரி, கூடவே மெதுவான சார்ஜர் என்றால் நடுவில் மூணு நாலு மணி நேரம் ஏணி மேல கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். சார்ஜரின் ஆம்பியரையும் படிங்க: 2 ஆம்பியர் அவர் பேட்டரியை 2 ஆம்பியர் சார்ஜர் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல எடுத்து நிரப்பும், அரை ஆம்பியர் சார்ஜருக்கு நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

இழைப்புளி

சுவர் வேலையைத் தனியாக ஒதுக்கிவிட்டால் நான் 12 வோல்ட் பக்கம்தான் நிற்பேன். பேட்டரியோடு ஒரு கிலோவைச் சுற்றித்தான் எடை. அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு கீல் மாட்டும்போது நீளமான மெஷின் உள்ளே திரும்பவே திரும்பாது. ஒரு 4×30 ஸ்க்ரூவை (4 மி.மீ. தடிமன், 30 மி.மீ. நீளம்) பிளைவுட்டில் ஏற்ற சிறிய ட்ரில்லே அதிகம்.

மரவேலைக்கு முக்கியம் கிளட்ச். சக்குக்குப் பின்னால் எண் போட்ட வளையம் இருக்கிறதே, அதுதான். எண் குறைவாக இருந்தால் குறைந்த எதிர்ப்பிலேயே "டக டக" என்று நழுவி, சுழற்சியை நிறுத்திவிடும். பலரும் அதை ட்ரில் படத்தில் வைத்தே ஸ்க்ரூ போடுகிறார்கள். அந்த நிலையில் கிளட்ச் நழுவாது. ஸ்க்ரூ தலை பலகைக்குள் புதையும், பார்ட்டிகிள் போர்டு என்றால் உள்ளே மரை நைந்துபோய் ஸ்க்ரூ சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். செய்ய வேண்டியது: முதல் கியர், கிளட்ச் 4 அல்லது 5. ஒரு ஸ்க்ரூவை ஏற்றிப் பாருங்கள். தலை இன்னும் மேலே நிற்கும்போதே நழுவினால் ஒரு எண் கூட்டுங்கள். தலை பலகை மட்டத்துக்கு வந்ததும் நழுவுகிற எண்ணே அந்தப் பலகைக்கும் அந்த ஸ்க்ரூவுக்கும் சரியான எண். பலகை மாறினால் திரும்பவும் பாருங்கள்.

4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு முன்துளை: மென்மரத்தில் 2.5, கடின மரத்தில் 3. ஓரத்திலிருந்து 2 செ.மீ.க்குள் போடுவதாக இருந்தால் எந்த மரமானாலும் முன்துளை இல்லாமல் போடாதீர்கள், வெடித்துவிடும். தொங்கும் கதவின் பழைய துளை தளர்ந்திருந்தால் ஸ்க்ரூவைப் பெரிதாக்குவதற்கு முன், மூங்கில் குச்சியில் பசை தடவி அந்தத் துளையில் இறுக்கி அடித்து, காய்ந்தபின் மட்டமாக நறுக்கி, புதிதாக முன்துளை போடுங்கள். அதே கீல் அதே இடத்தில் உட்காரும்.

ஸ்டார் பிட் விஷயத்திலும் கவனம் வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பிஎச்2 (பிலிப்ஸ்), பிஇசட்2 (போசிட்ரைவ்) இரண்டும் வேறு. ஸ்க்ரூ தலையில் பெருக்கல் குறிக்கு நடுவே மெல்லிய கோடுகள் கூடுதலாகத் தெரிந்தால் பிஇசட். மாற்றிப் போட்டால் பிட் துள்ளித் துள்ளித் தலையையே தின்றுவிடும். மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரும்பு ஆங்கிளுக்கு எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட். சென்டர் பஞ்சால் ஒரு குழி அடித்துவிட்டுத் தொடங்கினால் பிட் வழுக்காது. 3 மி.மீ. பிட்டால் முதலில் துளைத்து, பிறகு 6. சாதாரண இரும்பில் 6 மி.மீ. பிட்டுக்கு 1,300 ஆர்பிஎம் வாக்கில், 10 மி.மீ. என்றால் 800. ஸ்டெயின்லெஸ் என்றால் இதில் பாதிதான். ஒரு சொட்டு எண்ணெய், விடாத அழுத்தம். சுருள் சுருளாக வந்தால் சரியாக வெட்டுகிறது. தூளாக வந்து கீச்சிட்டால் அழுத்தம் போதவில்லை, அல்லது வேகம் அதிகம், அல்லது பிட் மழுங்கிவிட்டது. மறுபக்கம் வெளிவரும் நேரத்தில் அழுத்தத்தைக் குறையுங்கள். அந்தக் கணத்தில்தான் பிட் விளிம்பைக் கவ்வி, மணிக்கட்டைத் திருகிவிடும். ஆங்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு துளைக்கவே கூடாது, கிளாம்ப் போடுங்கள். கையுறையும் கூடாது, சுற்றும் பிட் துணியைச் சுருட்டி இழுக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

ஜன்னலோரம்

எல்லாருக்கும் நன்றி. பக்கத்து வீட்டு மெஷினை வாங்கி, சொன்ன மாதிரி தூளைப் பார்த்தேன். ஹாலில் சிவப்புத் தூள். ஜன்னலுக்கு மேல 12 மி.மீ. வரைக்கும் எளிதா போச்சு, அப்புறம் சாம்பல் தூள், நகரவே இல்லை. லிண்டல்தான் போல. நாலு ஜன்னலுக்காக மட்டும் ரோட்டரி ஹேமர் வாங்கணுமா?

தூக்குக்குண்டு

வாங்க வேண்டாம். இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, லிண்டலைத் தாண்டி மேலே போவது. லிண்டலின் உயரம் வீட்டுக்கு வீடு மாறும், பெரும்பாலும் 15 செ.மீ. அருகில் இருக்கும். ஜன்னலின் மேல் விளிம்பிலிருந்து 20 செ.மீ. மேலே ஒரு 4 மி.மீ. சோதனைத் துளை போட்டுப் பாருங்கள். சிவப்புத் தூள் வந்தால் பிராக்கெட்டை அங்கே ஏற்றிவிடுங்கள். திரைச்சீலை கொஞ்சம் உயரமாகத் தொங்கும், அறைக்கு அதுவும் அழகுதான். பக்கவாட்டில் நகர்த்திப் பயனில்லை. லிண்டல் ஜன்னலைத் தாண்டி இரண்டு பக்கமும் சுவருக்குள் உட்கார்ந்திருக்கும், சில வீடுகளில் சுவர் முழுக்கச் சுற்றி வரும்.

இரண்டாவது வழி, ஒருநாளைக்கு ரோட்டரி ஹேமரை வாடகைக்கு எடுத்து எட்டுத் துளையையும் ஒரே மூச்சில் முடிப்பது. அதற்கு எஸ்டிஎஸ் பிட்டே வேண்டும். வாலில் பள்ளம் வெட்டியிருக்கும், சாதாரண சக்கில் அது நிற்காது. மெஷினில் மாட்டியபின் பிட் லேசாக முன்னும் பின்னும் ஆடும். ஆட வேண்டும், அப்படித்தான் அது தட்டு வாங்குகிறது.

எப்படிச் செய்தாலும் அளவு இதுதான்: 6 மி.மீ. வால் பிளக்குக்கு (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் அடிக்கும் பிளாஸ்டிக் குழல்) 6 மி.மீ. பிட். ஆழம், பூச்சின் கனத்தையும் பிளக்கின் நீளத்தையும் கூட்டியதைவிட 10 மி.மீ. கூடுதல், அடியில் தூள் தங்க இடம் வேண்டும். பிட்டில் அந்த அளவுக்கு ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். துளைத்தபின் தூளை ஊதியோ உறிஞ்சியோ எடுத்துவிட்டுப் பிளக்கை அடியுங்கள். தூளோடு அடித்தால் பிளக் பாதியில் நின்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ 4 முதல் 5 மி.மீ. தடிமன். பூச்சின் கனத்தைப் பிடிமானமாகக் கணக்கில் எடுக்காதீர்கள், பிளக் முழுவதும் செங்கல்லுக்குள் இருக்க வேண்டும். 30 மி.மீ. பிளக்கை 15 மி.மீ. பூச்சில் வைத்தால் பாதிப் பிளக் மண்ணில்தான் நிற்கிறது. திரைச்சீலையை நாலு முறை இழுத்தால் பிராக்கெட் பூச்சோடு கையில் வரும்.

லிண்டலில் பாதி வழியில் பிட் சட்டென்று நின்று, தூளில் மினுக்கும் பொடி கலந்து வந்தால் கம்பியில் இடித்திருக்கிறீர்கள். தொடர்ந்து அழுத்த வேண்டாம். கார்பைடு முனை இரும்பை வெட்டாது, உடைந்துபோகும். லிண்டலின் கம்பியை வெட்டுவதும் தவறு. 3, 4 செ.மீ. தள்ளிப் போடுங்கள்.

துளைக்குமுன் ஒன்று. சுவிட்ச் போர்டு, பாயிண்ட் இருக்கும் இடத்துக்கு நேர் மேலேயும் கீழேயும் பக்கத்திலும் ஒயர் குழாய் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டில் துளை வேண்டாம்.

ஜன்னலோரம்

20 செ.மீ. மேலே சிவப்புத் தூள் வந்துடுச்சு! அப்போ ஹேமர் உள்ள 18 வோல்ட் என்று முடிவு பண்றேன். கையில் எடுத்துப் பார்க்கும்போது எதைச் சோதிக்கணும்? அந்த டைல்ஸ் துளையும் பாக்கி இருக்கு.

இழைப்புளி

சுவர் வேலையும் இருப்பதால் 18 சரிதான், நான் சொன்னதை விட்டுத் தருகிறேன். அதிலேயே நீளம் குறைந்த மாடலாகப் பாருங்கள்.

சோதனைக்கு நேரான 6 மி.மீ. பிட் ஒன்றை எடுத்துப் போங்கள், நீளமானது நல்லது. சக்கில் மூன்று தாடைக்கும் நடுவில் பிட் நிற்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள். சிறிய பிட் இரண்டு தாடைக்கு இடையில் ஒதுங்கிக்கொண்டால் எந்த மெஷினிலும் ஆடும். பிறகு ட்ரிக்கரை மெல்ல அழுத்திச் சுற்றவிட்டு, முனையை மட்டும் பாருங்கள். முனை ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். சிறு வட்டம் போட்டால் பிட்டைக் கழற்றித் திருப்பி மாட்டி, இன்னொரு பிட்டிலும் பாருங்கள். அப்போதும் வட்டம் போட்டால் சக் சரியில்லை, அந்த மெஷின் வேண்டாம்.

அடுத்தது ட்ரிக்கர். விரலை இழையிழையாக அழுத்தும்போது சக் நத்தை வேகத்தில் சுற்றத் தொடங்க வேண்டும். ஸ்க்ரூவின் கடைசி இரண்டு சுற்று இதை நம்பித்தான். தொட்டதும் எகிறினால் அந்த மெஷினால் நுணுக்க வேலை நடக்காது. விட்டவுடன் சக் சட்டென்று நிற்கவும் வேண்டும். சக் 13 மி.மீ. வரை பிடிக்கட்டும். கியரை மெஷின் நின்றபின்தான் மாற்றுங்கள், ஓடும்போது தள்ளினால் பல் தேயும்.

டைல்ஸுக்கு ஹேமர் மோட் கூடவே கூடாது. ஒரே தட்டில் விரிசல் ஓடிவிடும். ஈட்டி முனை கொண்ட, கண்ணாடியைத் துளைக்கும் பிட், அல்லது டைமண்ட் பிட். துளை வரும் இடத்தில் டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டி, மெதுவான வேகத்தில், அவ்வப்போது தண்ணீர் தொட்டுத் துளையுங்கள். டைல்ஸில் துளை 8, உள்ளே சுவரில் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் முடிந்து சுவர் தொடங்கியதும் சுவர் பிட்டுக்கு மாறி, அப்போது ஹேமரைப் போடலாம். பிளக்கை டைல்ஸின் கனத்தைத் தாண்டி உள்ளே தள்ளிவிட வேண்டும். டைல்ஸுக்குள்ளேயே பிளக் நின்றால், ஸ்க்ரூ இறுகும்போது பிளக் விரிந்து டைல்ஸைப் பிளக்கும். துளைத்தபோது உடையாத டைல்ஸ் கடைசித் திருகலில் உடைவது இதனால்தான்.

மின்கலம்

மாசத்துக்கு ஒருமுறைதான் எடுப்பேன் என்றதால் பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. வேலை முடிஞ்சதும் முழு சார்ஜ் ஏத்தி வைக்காதீங்க, காலியாவும் வைக்காதீங்க. காட்டியில் பாதி விளக்கு எரியட்டும், 40 முதல் 60 சதவீதம். மெஷினிலிருந்து கழற்றி, வெயில் படாத இடத்தில் வைங்க. மூணு மாசத்துக்கு ஒருமுறை எட்டிப் பாருங்க. முழுசா வடிஞ்சு செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழ போயிட்டா பல சார்ஜர் அதை ஏத்துக்கவே ஏத்துக்காது, நல்ல பேட்டரி அப்படியே வீணாப் போகும்.

வேலையில் சூடான பேட்டரியை உடனே சார்ஜரில் போடாதீங்க, அரை மணி நேரம் ஆறவிடுங்க. பழைய நிக்கல் பேட்டரி மாதிரி "முழுசா தீர்த்துட்டுத்தான் சார்ஜ் போடணும்" என்ற வழக்கமும் இதுக்கு வேண்டாம், பாதியில் ஏத்தினா ஒண்ணும் ஆகாது.

வாங்கும்போது அந்த பேட்டரி அதே கம்பெனியின் வேற கருவிகளுக்கும் பொருந்துமா என்று கேளுங்க. நாளைக்கு ஒரு ஜிக்சாவோ (பலகையை வளைவாக அறுக்கும் ரம்பம்) பேட்டரியில் ஓடும் ரோட்டரி ஹேமரோ வேணும்னா, வெறும் மெஷினை மட்டும் வாங்கிக்கலாம்.